கீர் ஹார்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீர் ஹார்டி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜேம்ஸ் கீர் ஹார்டி ஸ்காட்லாந்துக்காரர். 1856 ஆகஸ்ட் 15இல் லானார்க்‌ஷயரில் பிறந்தார். 1915 செப்டம்பர் 26இல் கிளாஸ்கோவில் இறந்தார். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். பிறகு தொழிற்சங்கக்காரர், பத்திரிகை ஆசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர், கடைசியில் பிரிட்டனின் லேபர் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் முதல் தலைவர். ‘லேபர் கட்சியின் தந்தை’ என்று எழுதுவார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. கட்சி நடத்தும் வேலை அவருக்குக் கைவரவே இல்லை. ஒரு சபையில் யாரும் கேட்க விரும்பாததை எழுந்து நின்று சொல்வதுதான் அவருக்குக் கைவந்தது.

சிறுவயது எப்படி இருந்தது?

தாய் மேரி கீர், பண்ணை வீடுகளில் வேலை செய்தவர். திருமணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை ஹார்டி. பிறகு தாய் டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்தார். பையனுக்கு அவர் பெயரே வந்தது. குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போனது. ஏழெட்டு வயதிலேயே பையன் எடுபிடி வேலைக்குப் போய்விட்டான்.

1866 கடைசியில் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறைகளில் கதவடைப்பு. மாற்றாந்தந்தைக்கு வேலை இல்லை. ரொட்டிக் கடையில் பையன் வாங்கிய வாரம் மூன்றரை ஷில்லிங்தான் வீட்டுக்கு வந்த ஒரே வருமானம். தம்பி காய்ச்சலில் கிடக்கிறான், அம்மா நிறைமாதம். இரவெல்லாம் அவர்களைப் பார்த்துக்கொண்டதால் பையன் ஓரிரு முறை தாமதமாக வேலைக்குப் போனான். முதலாளி மாடிக்கு வரச் சொன்னார். ஆனால் உடனே உள்ளே விடவில்லை: குடும்பத்தோடு காலைப் பிரார்த்தனை நடத்திக்கொண்டிருந்தார். பிரார்த்தனை முடிந்ததும் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே வேலையிலிருந்து நீக்கினார். அந்த வாரச் சம்பளமும் அபராதமாகப் போனது.

இது ஹார்டியே பிற்காலத்தில் சொன்னது. நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அரசியல்வாதி சொல்லும் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்தான். ஆனாலும் அந்தப் பிரார்த்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு பக்திமான் முதலாளி வருகிறார்.

சுரங்கத்தில் பத்து வயதுப் பையனுக்கு என்ன வேலை?

காற்றோட்டக் கதவைத் திறந்து மூடும் வேலை. சுரங்கத்துக்குள் நல்ல காற்று சரியான வழியில் போக, பாதைகளுக்குக் குறுக்கே கதவுகள் இருக்கும். நிலக்கரி வண்டி வரும்போது திறக்க வேண்டும். போனதும் மூட வேண்டும். பத்து மணி நேரம் இருட்டில் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை. உடல் நோகும் வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் பையன் தூங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து.

படிக்கக் கற்றுக்கொடுத்தது அம்மா. எழுத்து மெதுவாகத்தான் வந்தது. இரவுப் பள்ளிக்குப் போனார். கரிபடிந்த கல்லில் ஊசியால் கீறிக் கீறிச் சுருக்கெழுத்துப் பழகினார்.

சுரங்கத் தொழிலாளி தொழிற்சங்கத் தலைவர் ஆனது எப்படி?

முதலாளிகள்தான் ஆக்கினார்கள். இருபது வயதைத் தாண்டியபோது சக தொழிலாளர்களின் குறைகளைப் பேசத் தொடங்கியிருந்தார். ஒருநாள் கூண்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்தவரைப் பாதி வழியிலேயே மேலே இழுத்து, ஹார்டிகள் யாருக்கும் இங்கே வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். தம்பிகளுக்கும் அதே கதி. சுற்றுவட்டாரம் முழுவதும் கருப்புப் பட்டியல். சுரங்கத்துக்குள் விடாததால் சங்க வேலையும் பத்திரிகை வேலையும்தான் பிழைப்பு என்றாயிற்று.

1879இல் லில்லி வில்சனைத் திருமணம் செய்துகொண்டார். அப்புறம் ஏர்ஷயரிலுள்ள கம்னாக் ஊருக்குக் குடிபோனார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தபடி சங்கம் கட்டினார். 1886இல் ஏர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அடுத்த ஆண்டு சொந்தமாகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதுதான் பிறகு ‘லேபர் லீடர்’ ஆக வளர்ந்தது.

617 வாக்கு வாங்கித் தோற்ற தேர்தலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

1888 ஏப்ரலில் நடந்த மிட் லானார்க் இடைத்தேர்தல் அது. அதுவரை தொழிலாளர்களின் ஆட்கள் நாடாளுமன்றத்துக்குப் போனது லிபரல் கட்சியின் தயவில். ஹார்டியும் முதலில் லிபரல் வேட்பாளராக நிற்கத்தான் கேட்டார். உள்ளூர் லிபரல்கள் அவரை ஒதுக்கிவிட்டு ஒரு வழக்கறிஞரை நிறுத்தினார்கள். ஹார்டி சுயேச்சையாக நின்றார். விலகிக்கொண்டால் பிறகு ஒரு பாதுகாப்பான தொகுதியும் ஆண்டுக்கு 300 பவுண்டும் தருகிறோம் என்று கட்சி மேலிடம் தூது விட்டது. சுரங்கத் தொழிலாளி ஒருவர் பல வருடம் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை. மறுத்துவிட்டார்.

முடிவு: லிபரல் 3,847, கன்சர்வேட்டிவ் 2,917, ஹார்டி 617. மோசமான தோல்விதான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ஸ்காட்டிஷ் லேபர் கட்சி பிறந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கன்னிங்ஹாம் கிரஹாம் தலைவர், ஹார்டி செயலாளர். லிபரல்கள் அன்று அந்த ஒரு சீட்டைக் கொடுத்திருந்தால், ஹார்டி அவர்களுடைய பின்வரிசையில் ஒருவராக உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நாடாளுமன்றத்துக்குத் துணித்தொப்பி போட்டுக்கொண்டு போனாராமே?

1892இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியில் 5,268 வாக்கு பெற்று வென்றார். எதிராளிக்கு 4,036. அந்தக் காலத்து உறுப்பினர்கள் கறுப்பு நீளக் கோட்டும் பட்டுத் தொப்பியுமாக வருவார்கள். ஹார்டி முரட்டுக் கம்பளி உடுப்பும் துணித்தொப்பியுமாக, ஆதரவாளர்கள் ஏற்பாடு செய்த வண்டியில், ஒருவர் கொம்பு ஊத, வந்து இறங்கினார். பத்திரிகைகள் துள்ளின. உண்மையில் அது வேட்டைக்குப் போகிறவர்கள் வைக்கும் தொப்பி என்று சில செய்திகள் சொல்கின்றன. வண்டியும் கொம்பும் தன் ஏற்பாடு அல்ல என்று ஹார்டி பின்னர் விளக்கினார். யார் காதிலும் அது ஏறவில்லை.

வாயில் காவலர் அவரைக் கூரை வேலைக்கு வந்தவர் என்று நினைத்ததாக ஒரு கதையும் உண்டு. நல்ல கதை, நடந்ததா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

தொப்பியைவிட அவர் எங்கே உட்கார்ந்தார் என்பது முக்கியம். அந்தத் தேர்தலில் சுயேச்சையாக வென்ற தொழிலாளர் பிரதிநிதிகள் மூன்று பேர்: ஹார்டி, ஜான் பர்ன்ஸ், ஹாவ்லாக் வில்சன். மற்ற இருவரும் சீக்கிரமே லிபரல் பக்கம் சாய்ந்தார்கள். ஹார்டி சாயவில்லை. 1893 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் சுயேச்சைத் தொழிலாளர் கட்சி உருவானபோது தலைமை அவருக்கு வந்தது. வேலையில்லாதவர்களைப் பற்றி ஓயாமல் பேசியதால் ‘வேலையில்லாதோரின் உறுப்பினர்’ என்ற பெயரும் வந்தது.

இளவரசர் பிறந்ததை எதிர்த்து ஏன் பேசினார்?

பிறந்ததை எதிர்க்கவில்லை. தேதிகளைப் பாருங்கள். 1894 ஜூன் 23: தெற்கு வேல்ஸின் சில்ஃபினிட் ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே நாளில் விக்டோரியா ராணிக்குக் கொள்ளுப்பேரன் பிறந்தான். அடுத்த நாள் பிரான்ஸ் அதிபர் கார்னோ கத்தியால் குத்தப்பட்டு, விடிவதற்குள் இறந்தார். நாடாளுமன்றத்தில் அதிபருக்கு இரங்கல் தீர்மானம் வந்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வந்தது. சுரங்கத்தில் இறந்தவர்களுக்கு மட்டும் தீர்மானம் இல்லை. வாழ்த்துரையில் ஒரு வரி இரங்கலும் சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். சேர்க்கவில்லை.

ஜூன் 28இல் எழுந்து பேசினார். சபை கத்தியது, ஊளையிட்டது. அவர் நிறுத்தவில்லை. இந்தப் பிள்ளையைச் சுற்றிச் சிறுவயதிலிருந்தே துதிபாடிகள் இருப்பார்கள், பிறகு உலகச் சுற்றுப்பயணம் அனுப்புவார்கள், பொருந்தாத திருமணம் பற்றி வதந்தி வரும், எல்லாவற்றுக்கும் பணம் மக்கள் கட்ட வேண்டியிருக்கும் என்ற பொருளில் சொன்னார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் எட்டாம் எட்வர்டு. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணை மணப்பதற்காக 1936இல் முடிதுறந்தவர்.

இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லிப் பரப்புவார்கள். அரச குடும்பங்களின் நடப்பைக் கவனித்த யாருக்கும் அது பெரிய ஜோசியம் இல்லை. அன்று அந்தச் சபையில் ஒற்றை ஆளாக நின்று பேசியதுதான் பெரிது. அதற்கு விலையும் இருந்தது: 1895 தேர்தலில் வெஸ்ட் ஹாம் கைவிட்டது. காரணம் அந்தப் பேச்சு மட்டும் அல்ல. லிபரல் ஆதரவு போனது, மதுக்கடைக்காரர்களின் பகையும் சேர்ந்துகொண்டது.

அந்த இன்னொரு பக்திமான் முதலாளி யார்?

ஓவர்டவுன் பிரபு. சொந்தப் பெயர் ஜான் கேம்ப்பெல் வைட். ஸ்காட்லாந்தில் பேர்போன கொடையாளி. மிஷன்களுக்கு அள்ளிக் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசியவர். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரதர்க்ளென்னில் அவருக்கு ஷாஃபீல்டு ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1899இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது ஹார்டி உள் விவரங்களைத் திரட்டித் தன் பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரங்களிலும் வெளியிட்டார்.

ஒரு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாளும் வேலை. சாப்பாட்டுக்கென்று தனி இடைவேளை கிடையாது. மணிக்கு மூன்று நான்கு பென்னி கூலி. குரோமியத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகிப் போகும், தோலில் புண் குழிகள் விழும். ஓய்வுநாளின் புனிதத்தைப் பற்றிப் பேசுகிறவரின் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் உலை எரிந்தது.

பிரபுவின் பக்கம் பல போதகர்கள் பேசினார்கள். ஆனால் வெளிச்சம் பட்ட பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. ஞாயிறு வேலை குறைந்தது. ஹார்டியின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பிரசுரங்கள்தான். உரைகளில் அவர் சமயங்களில் கண்ணீர்த்தனமாகப் போய்விடுவார். இங்கே மணிக்கணக்கும் கூலிக்கணக்கும்தான் பேசுகின்றன.

அப்படியானால் அவர் நாத்திகரா, மார்க்சியரா?

இரண்டும் இல்லை. இளைஞராக இருந்தபோது திருச்சபையில் சேர்ந்தார், மதுவிலக்கு இயக்கத்திலும் தீவிரம். சோஷலிசத்துக்குத் தன்னைத் தள்ளியது மற்ற எல்லாவற்றையும்விட ஏசுவின் போதனைதான் என்று சொன்னவர். மார்க்ஸ் பெயரைச் சொல்வார். வர்க்கப் போர் என்று பேசுவதில் அவருக்கு ஒட்டுதல் இல்லை.

ஸ்காட்லாந்துக்காரர், வேல்ஸ் தொகுதிக்கு எப்படிப் போனார்?

1900இல் பிரிட்டனில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் பற்றிய வெறி உச்சத்தில் இருந்தது. ஹார்டி போரை வெளிப்படையாக எதிர்த்தார். அப்போதெல்லாம் எல்லாத் தொகுதிக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு இல்லை, ஒருவர் இரண்டு இடத்தில் நிற்கலாம். பிரெஸ்டனில் நின்று தோற்றார். மெர்தர் டிட்ஃபில் தொகுதியில் வென்றார், அதுவும் அங்கே பிரசாரத்துக்கு அதிகம் போகாமலே. இரண்டு உறுப்பினர் தொகுதி அது. முதல் இடம் டி. ஏ. தாமஸ் என்ற லிபரலுக்கு. அவர் நிலக்கரிச் சுரங்க முதலாளி! சக லிபரலோடு தாமஸுக்கு ஆகாது, அவர் ஆட்கள் பலர் இரண்டாவது வாக்கை ஹார்டிக்குப் போட்டார்கள். இறக்கும்வரை ஹார்டி மெர்தர் உறுப்பினர்தான்.

அதே ஆண்டு பிப்ரவரி 27இல் லண்டனில் தொழிற்சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் கூடி தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்திருந்தன. லேபர் கட்சியின் பிறந்தநாள் அது.

கட்சித் தலைவராக எப்படி?

சுமார்தான். 1906 தேர்தலில் அந்தக் குழுவுக்கு 29 இடங்கள். லேபர் கட்சி என்று பெயர் மாறியது. தலைவர் தேர்வில் டேவிட் ஷாக்கிள்டனை ஒரே ஒரு வாக்கில் முந்தினார். 29 பேரில் பாதிப் பேருக்கு அவர் வேண்டாம் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. சமரசம் பேசுவதிலோ ஆட்களை அனுசரித்துப் போவதிலோ அவருக்குப் பொறுமை இல்லை. உடல்நிலையும் கெட்டது. 1908இல் ஆர்தர் ஹெண்டர்சன் பொறுப்பேற்றார். 1903இல் லிபரல்களோடு ரகசியமாகத் தொகுதி உடன்பாடு பேசி முடித்த ராம்சே மெக்டொனால்டுதான் கட்சியை உண்மையில் வளர்த்த அமைப்பாளர். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்.

இந்தியாவுக்கு வந்தாரா?

வந்தார். 1907இல் நோய் தெளிய உலகச் சுற்றுப்பயணம் கிளம்பியவர், கனடா, ஜப்பான் வழியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். வங்கப் பிரிவினை எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம். கிழக்கு வங்காளத்தில் ஊர் ஊராகச் சுற்றினார், திலகரைச் சந்தித்தார். இங்கே நடக்கும் ஆட்சி ரஷ்ய ஜார் ஆட்சி மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதாக லண்டனுக்குத் தந்தி பறந்தது. பத்திரிகைகள் தேசத்துரோகி என்று பிடித்துக்கொண்டன. தந்தியில் வந்த வாசகம் அப்படியே தன்னுடையது அல்ல என்று அவர் சொன்னாலும், வரிச்சுமை பற்றியும் நிர்வாகத்தில் இந்தியருக்கு இடம் தராதது பற்றியும் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. 1909இல் இந்தியா பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கனடா, ஆஸ்திரேலியா போலச் சுயாட்சி வர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. முழு விடுதலை கேட்டார் என்று எழுதுவது மிகை.

அங்கிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. கறுப்பினத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேருங்கள் என்று பேசியதற்காகத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் கும்பல்கள் அவர் கூட்டங்களில் கலவரம் செய்தன. 1908இல் ஏழாம் எட்வர்டு மன்னர் ரஷ்ய ஜாரைப் பார்க்கப் போவதை எதிர்த்ததால், அரண்மனைத் தோட்ட விருந்து அழைப்புப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது.

இந்தப் படத்தில் ஒரு கறை உண்டு. 1880களில், ஏர்ஷயர் இரும்பாலைகளுக்கு வந்த லிதுவேனியத் தொழிலாளர்களைப் பற்றி இதே ஹார்டி அசிங்கமாகவே எழுதினார். கூலியைக் குறைக்க வரவழைக்கப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். வாதம் எதுவாக இருந்தாலும் அவர் பயன்படுத்திய சொற்களுக்கு அது சமாதானம் ஆகாது.

பெண்கள் வாக்குரிமைக்கு என்ன செய்தார்?

நிறைய. 1906இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1907 பெல்ஃபாஸ்ட் மாநாட்டில் சொந்தக் கட்சியே, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் கிடைக்கும் வாக்குரிமை வேண்டாம் என்று வாக்களித்தபோது, நான் விலகவேண்டி வரலாம் என்றார். கட்சித் தலைவர் இப்படிப் பேசினால் கட்சி என்ன ஆகும்? ஆனால் அதுதான் ஹார்டி. 1909இல் சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்குக் குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்துவதைப் பற்றி அவர் கேள்வி எழுப்பியபோது உறுப்பினர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டித்து எழுதினார்.

சில்வியா பாங்கர்ஸ்டோடு உறவு இருந்தது உண்மையா?

இருந்தது, கடிதங்கள் சான்று. சில்வியா பெண்கள் வாக்குரிமைப் போராளி, ஹார்டியைவிட இருபத்தைந்து வயதுக்கு மேல் இளையவர், ஓவியம் படித்தவர். சில்வியா வரைந்த ஹார்டியின் படம் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுபக்கம், லில்லி கம்னாக்கில் பிள்ளைகளோடு தனியாக, கையில் காசு இல்லாமல் குடும்பம் ஓட்டிக்கொண்டிருந்தார். 1911வரை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது. உலகம் முழுக்க நியாயம் கேட்டவர் வீட்டில் அதைக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

முதல் உலகப் போரில் என்ன ஆனது?

போர் மூண்டால் எல்லா நாட்டுத் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர் பல ஆண்டு முன்வைத்த திட்டம். 1910 கோபன்ஹேகன் மாநாட்டில் பிரெஞ்சு சோஷலிஸ்ட் வையானோடு சேர்ந்து முன்மொழிந்தார். 1914 ஆகஸ்ட் 2இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் போரெதிர்ப்புக் கூட்டத்தில் பேசினார். இரண்டு நாளில் பிரிட்டன் போரில் இறங்கியது. வேலைநிறுத்தம் எங்கேயும் நடக்கவில்லை. ஜெர்மன் சோஷலிஸ்டுகளும் பிரெஞ்சு சோஷலிஸ்டுகளும் அவரவர் அரசுக்கே கைதூக்கினார்கள்.

ஆகஸ்ட் 6இல் சொந்தத் தொகுதிக்குள்ளேயே, ஆபர்டேரில், கூட்டம் போட்டார். அரங்கில் தேசபக்திப் பாட்டுப் பாடி, கூச்சல் போட்டு, பேசவே விடவில்லை. கூச்சலிட்டவர்களில் பலர் அவருக்கு வாக்களித்த சுரங்கத் தொழிலாளர்கள். சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்சமனே தோட்டத்தில் ஏசு பட்ட வேதனை இப்போது புரிகிறது என்று நண்பர்களிடம் சொன்னார். பக்கவாதம் வந்தது, 1915 செப்டம்பர் 26இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் நிமோனியாவில் இறந்தார். வயது 59. நாடாளுமன்றத்தில் இரங்கல் உரை எதுவும் இல்லை. காலியான மெர்தர் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்றவர், போரை ஆதரித்த சார்லஸ் ஸ்டான்டன். ஆபர்டேர் கூட்டத்தைக் கலைத்தவர்களில் அவரும் ஒருவர்.

குடும்பத்தில் வேறு யாராவது அரசியலுக்கு வந்தார்களா?

தம்பிகள் ஜார்ஜும் டேவிட்டும் லேபர் உறுப்பினர்களாக நாடாளுமன்றம் போனார்கள். ஜார்ஜின் மனைவி ஆக்னஸும் போனார். ‘நான்’ (Nan) என்ற பெயருடைய மகள் கம்னாக் நகராட்சித் தலைவரானார்.

கீர் ஸ்டார்மருக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்களா?

பரவலாக அப்படித்தான் சொல்லப்படுகிறது. 2024இல் லேபர் கட்சியின் பிரதமரானவருக்கு அந்தப் பெயர் அமைந்ததால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பெயர் ஒன்றானாலும் அரசியல் வேறு. மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, இன்றைய லேபர் கட்சியின் கொறடா ஹார்டியை எத்தனை நாள் வைத்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில் ஆறு மாதம்.